பழைய கார்களும் கடைசி இருப்புக் கணக்கும்

ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் நம் உறுப்பினர்கள் அனைவரும் இருப்பு எடுக்கிறோம். மூட்டை எத்தனை, டின் எத்தனை, எலி கடித்தது எத்தனை, விலை போகாமல் மூலையில் கிடப்பது எத்தனை என்று எண்ணி எழுதி ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. ஆனால் ஆயுளில் ஒரே ஒரு முறை எடுக்க வேண்டிய இருப்பு ஒன்று உண்டு. வைத்தியர் கெடு சொல்லிவிட்ட பிறகு எடுக்கும் இருப்பு அது. அதைப் பற்றி வாயைத் திறந்தாலே அபசகுனம் என்று வீட்டுப் பெண்கள் தடுப்பார்கள். நாமும் அதுதான் சாக்கென்று பேச்சை மாற்றிவிடுவோம்.

பழைய கார்களைச் சேர்த்து வைத்த சில வெளிநாட்டுக்காரர்களின் கதையை இங்கே எழுதப் போகிறோம். மளிகை வியாபாரிக்கும் 1907ஆம் வருஷத்துக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. துவரம் பருப்பு இன்று என்ன விலை என்று தெரிய விருதுநகருக்கு ஒரு போன் போட்டால் போதும். பழைய காருக்கு அப்படி அன்றாட விலை கிடையாது. அதன் மதிப்பில் பாதி இரும்பில் இருக்கிறது. மறுபாதி உடைமைக்காரரின் தலைக்குள் இருக்கிறது. எந்த ஊரில், யாரிடம், எந்த ரசீதில் வாங்கினோம், எந்த உதிரி எந்த வண்டிக்கு உரியது என்பதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நம் கடைகளில் யார் யார் கடன் சொல்லி வாங்கினார்கள், யாருக்கு எவ்வளவு தவணை கொடுத்திருக்கிறோம் என்பதும் இப்படித்தானே முதலாளியின் ஞாபகத்தில் இருக்கிறது?

1,400 கார் சேர்த்தவர்

அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் வில்லியம் ஹாரா என்று ஒருவர் இருந்தார். 1911ல் பிறந்தவர். 1937ல் ரீனோவில் சின்னதாக ஒரு பிங்கோ கூடம் ஆரம்பித்து, பின்னாளில் பெரிய சூதாட்ட விடுதிகளுக்கு முதலாளி ஆனார். அவருடைய தொழிலைப் பற்றி நமக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, அதை விட்டுவிடுவோம். கணக்கிலும் சுத்தத்திலும் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். 1948ல் ஒரு பழைய மேக்ஸ்வெல் காரை வாங்கியதில் அவருக்கு இந்தப் பித்து தொடங்கியது. முப்பது ஆண்டுகளில் சுமார் 1,400 கார்கள் சேர்ந்துவிட்டன. ரீனோவை ஒட்டிய ஸ்பார்க்ஸ் என்ற ஊரில் வரிசையாகக் கிட்டங்கிகள். அவற்றில் கார்கள் மட்டும் இல்லை. பழுது பார்க்கும் பட்டறைகள், மெத்தை தைக்கும் பகுதி, வர்ணம் பூசும் பகுதி, பழைய விலைப்பட்டியல்களும் கையேடுகளும் நிறைந்த நூலகம் என்று ஒரு தொழிற்சாலையே நடந்தது.

அவர் வேலை செய்த விதத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். 1908ல் நியூயார்க்கில் புறப்பட்டு பாரிஸ் நகரம் வரை ஒரு கார்ப் பந்தயம் நடந்தது. பிப்ரவரி 12ல் கிளம்பிய வண்டிகளில் தாமஸ் ஃப்ளையர் என்ற அமெரிக்க வண்டி ஜூலை 30ல் பாரிசை அடைந்து வெற்றி பெற்றது. அந்த வண்டியை 1964ல் ஹாரா விலைக்கு வாங்கினார். பிரித்துப் பார்த்தபோது அது பந்தயத்தில் ஓடிய அதே வண்டிதானா என்ற கேள்வி எழுந்தது. அப்போது பந்தயத்தில் அதை ஓட்டிய ஜார்ஜ் ஷூஸ்டர் உயிரோடு இருந்தார்; வயது 90ஐத் தாண்டிவிட்டது. அவரை வரவழைத்துக் காட்டினார்கள். வழியில் தாம் செய்த ரிப்பேர்களின் தடயங்களைக் கொண்டு வண்டியை அடையாளம் கண்டு இதுதான் என்றார் கிழவர். அதன் பிறகு ஹாரா வண்டியைப் பளபளவென்று புதிதாக்கவில்லை. பாரிசுக்கு வந்து சேர்ந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கச் சொன்னார். சரக்கின் பெறுமதி எதில் இருக்கிறது என்று அறிந்த வியாபாரியின் புத்தி இது.

புகாட்டி கம்பெனியின் ராயல் என்ற கார் மொத்தம் 6 மட்டுமே உலகில் நிலைத்தவை. ராஜாக்களுக்கென்று செய்து, ராஜாக்கள் வாங்காமல் போன வண்டி அது. அந்த ஆறில் இரண்டு ஹாராவிடம் இருந்தன.

இவ்வளவு செய்தவர் ஒன்றைச் செய்யவில்லை. இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயில் அவருக்குக் கோளாறு இருந்தது. அதற்காக அறுவைச் சிகிச்சைக்குப் போனவர் 1978 ஜூன் 30ல் 66 வயதில் காலமானார். 1,400 கார்களும் தமக்குப் பின் யாரைச் சேர வேண்டும், எது சிதறக் கூடாது என்று நிலைக்கும்படியான ஏற்பாடு எதுவும் அவர் செய்து வைக்கவில்லை. கார்கள் கம்பெனிச் சொத்தோடு சேர்ந்திருந்தன. 1980ல் ஹாலிடே இன் ஓட்டல் நிறுவனம் அவருடைய கம்பெனியை வாங்கியபோது, நாற்காலி மேஜையோடு கார்களும் கைமாறின. ஓட்டல்காரருக்கு ஓட்டல்தான் வேண்டும், கார் எதற்கு? சேகரிப்பை விற்கப் போவதாக அறிவித்தார்கள். நெவாடா மக்கள் கூச்சல் போட்டார்கள். ஊர்ப் பிரமுகர்களும் மாநில ஆளுநரும் தலையிட்டார்கள். கடைசியில் 175 கார்களையும் நூலகத்தையும் ஓர் அறக்கட்டளைக்கு நன்கொடையாகக் கொடுத்தார்கள். அவற்றைக் கொண்டு 1989ல் ரீனோவில் தேசிய மோட்டார் கார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தாமஸ் ஃப்ளையர் அங்கேதான் நிற்கிறது. மற்ற கார்களில் பெரும்பாலானவை 1984, 1985, 1986 ஆகிய மூன்று ஆண்டுகளில் தவணை தவணையாக ஏலம் போயின.

மூன்று ஆண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே நாளில் ஆயிரம் வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் விலை என்ன ஆகும் என்பது தக்காளி மண்டி வைத்திருப்பவருக்குத் தெரியாததா? ஓட்டல்காரர் அவகாசம் எடுத்து விற்றார். அவருக்கு அவகாசம் இருந்தது. 1986ல் ராயல் கார்களில் ஒன்று மட்டும் 65 லட்சம் டாலருக்குப் போயிற்று. வாங்கியவர் அதிக காலம் வைத்துக்கொள்ளாமல் 81 லட்சத்துக்கு அடுத்தவரிடம் தள்ளினார். அந்த அடுத்தவர் பீட்சா கடைகள் நடத்தியவர். தின்பண்டம் விற்ற காசில் ராஜா கார் வாங்கியவர் என்பதை நம் வட்டாரத்துப் பலகாரக் கடை அன்பர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

ஆள் படுத்தால் வண்டியும் படுக்கும்

நோய் முற்றியவர் சேகரிப்பை விற்கத் தயங்கும்போது அவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடும். இரும்புதானே, அழுகவா போகிறது, நமக்குப் பிறகு பிள்ளைகள் பார்த்து விற்றுக்கொள்ளட்டும் என்பதே அது. இந்தக் கணக்கு தவறு. பழைய கார் நிற்க நிற்கக் கெடும். பெட்ரோல் சில மாதங்களில் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்ணிய துவாரங்களை அடைக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உள்ளே துருவை உண்டாக்கும். சக்கரம் இறுகிப் போகும். ஒரே இடத்தில் நின்ற டயர் தரையில் பட்ட பக்கம் தட்டையாகும். எலிக்கு ஒயர் என்றால் பிரியம். வீட்டார் அக்கறையோடு வாரம் ஒருமுறை இன்ஜினைக் கிளப்பி ஐந்து நிமிஷத்தில் அணைத்துவிடுவார்கள். அது இன்னும் கெடுதல். சூடு ஏறாத இன்ஜினிலும் புகைக்குழாயிலும் நீர் கோத்துக்கொள்ளும். கிளப்பினால் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். உடைமைக்காரர் ஆறு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தால், ஓடும் வண்டி ஓடாத வண்டி ஆகிவிடும். ஓடும் வண்டிக்கும் ஓடாத வண்டிக்கும் விலையில் உள்ள தூரம் நல்ல அரிசிக்கும் நொய்க்கும் உள்ள தூரம்.

ஓட்டத் தெரிய வேண்டுமே என்பது அடுத்த சங்கடம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கொள்ளுங்கள். காலடியில் மூன்று மிதி இருக்கும். இன்றைய ஓட்டுநர் பழக்கத்தில் காலை வைத்தால் நடப்பது வேறு. நடுவில் இருப்பது பின்னோக்கிப் போக. வலது ஓரத்தில் இருப்பதுதான் பிரேக். இடது மிதியை முழுக்க அழுத்தினால் கிளட்ச் விடாது, வண்டி மெல்லிய வேகத்தில் முன்னே கிளம்பும். ஆக்சிலேட்டர் காலில் இல்லை, கையில். கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பும்போது தீப்பொறி நெம்புகோல் சரியான இடத்தில் இல்லாவிட்டால் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு முறியும். இதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காமல் தகப்பனார் கண்ணை மூடினால், அந்தக் காரை வாசலுக்குக் கொண்டுவரக்கூட வெளியாள் தேவைப்படும். வெளியாள் வந்தால், வண்டியில் ஒன்றும் இல்லை, காயலான் கடை விலைதான் என்று முதலில் சொல்வார். அவர் தொழில் அது.

ஆகையால் நோயாளி தெம்பாக இருக்கும் நாட்களில் செய்யக்கூடிய உபயோகமான வேலை ஒரு நோட்டில் எழுதுவதுதான். வண்டி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். சேஸிஸ் எண், இன்ஜின் எண், இரண்டும் பிறந்தபோது சேர்ந்தே இருந்தவையா, இன்ஜின் மாற்றியது உண்டா, வாங்கிய ரசீது எங்கே, பதிவுப் புத்தகம் யார் பெயரில், கிட்டங்கியில் தொங்கும் உதிரிகளில் எது இதற்கு உரியது, யாரிடம் இரவல் கொடுத்தது திரும்பவில்லை. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு கார்களில் ஒன்றுக்குப் பிறந்த இன்ஜினும் முழுக் காகிதமும் இருந்து மற்றொன்றுக்கு இல்லையென்றால் விலை பாதியாகக் குறைவதுண்டு. எழுத முடியாதவர் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை எழுதலாம். ஆஸ்பத்திரிப் படுக்கையருகே உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியாமல் விழிக்கும் உறவினருக்கும் அது ஒரு வேலையாகும்.

விற்காத சரக்கைச் சேர்த்து வைத்தவர்

இனிச் சொல்லப் போகிறவர் முழுக்க நம் இனம், கடைக்காரர். நெப்ராஸ்கா மாநிலத்தில் பியர்ஸ் என்ற சிற்றூர். ஜனத்தொகை 2,000 பேர்கூடக் கிடையாது. அங்கே ரே லாம்பிரெக்ட் என்பவரும் அவர் மனைவி மில்ட்ரெடும் 1946 முதல் 1996 வரை, சரியாக ஐம்பது ஆண்டு, செவர்லே கார் கடை நடத்தினார்கள். பேரம் கிடையாது, முதலில் சொல்வதே கடைசி விலை. வருஷம் முடிந்து புது மாடல் வந்துவிட்டால் மீந்த பழைய மாடலைக் கழிவு கொடுத்துத் தள்ளிவிடுவது அங்குள்ள கடைக்காரர் வழக்கம். இவர் அப்படிச் செய்யவில்லை. நஷ்டத்துக்கு விற்பதைவிட இருக்கட்டும் என்று கிட்டங்கியில் நிறுத்தினார். மாற்றுக்கு வந்த பழைய கார்களையும் வெளியே பண்ணை நிலத்தில் நிறுத்திக்கொண்டே போனார்.

இப்படியாகச் சுமார் 500 வண்டிகள் சேர்ந்தன. புதிதாக வந்து விற்காமலே நின்றவற்றில் ஏறக்குறைய 50 வண்டிகள் தொழிற்சாலையை விட்டு வந்தபின் ஓடியதே இல்லை எனலாம். சிலவற்றுக்கு முதல் பதிவுகூட ஆகவில்லை. கம்பெனி கொடுத்த பிறப்புச் சீட்டு அப்படியே இருந்தது. கிட்டங்கிக் கூரை ஒன்று பனிப்பாரம் தாங்காமல் சரிந்து பல வண்டிகள் நசுங்கின.

தம்பதி இருவருக்கும் தொண்ணூறைத் தாண்டித் தள்ளாமை வந்தபோது குடும்பத்தார் ஏலத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். 2013 செப்டம்பர் 28, 29 தேதிகளில் ஏலம். அந்தச் சிற்றூரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம் கூடியது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பினார்கள். 1958ஆம் வருஷத்து கேமியோ என்ற சிறிய சரக்கு வண்டி, மீட்டரில் 1.3 மைல் மட்டும் காட்டியது, 1,40,000 டாலருக்குப் போயிற்று. பத்திரிகைகள் எல்லாம் இதைத்தான் எழுதின.

நாம் வியாபாரிகள், கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த வண்டியின் 1958 விலை 2,200 டாலர் அளவில் என்று கொள்ளுங்கள். 55 ஆண்டில் அது 1,40,000 ஆனால் கூட்டு வட்டி ஏறக்குறைய 8 சதவீதம்தான். ஏலத்தின் தலைச்சரக்குக்கே இந்தக் கதி. ஏலம் மொத்தமும் சேர்ந்து சுமார் 28 லட்சம் டாலர். 500 வண்டிக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 6,000 டாலர் தேறாது. ஐம்பது வருஷக் கிட்டங்கி வாடகை, வரி, நசுங்கியது, திருடு போனது எதையும் நாம் கழிக்கவில்லை. அவர் லாபத்துக்காக வைத்தாரா என்பது வேறு கேள்வி. தேங்கிய சரக்கு பொறுத்தால் பொன்னாகும் என்று இந்த ஏலத்தைக் காட்டி யாராவது உங்களிடம் சொன்னால், இந்தக் கணக்கையும் சேர்த்துக் காட்டுங்கள்.

ஆனால் ஒன்றில் அந்தக் குடும்பத்தாரைப் பாராட்டத்தான் வேண்டும். பெரியவர் கண்ணெதிரே, அவர் இன்னும் இருக்கும்போதே ஏலம் நடந்தது. எது எந்த வருஷம் வந்தது, எது விற்காமல் நின்றது, எது மாற்றுக்கு வந்தது என்ற சரித்திரத்தோடு வண்டிகள் மேடைக்கு வந்தன. சரித்திரத்துக்குத்தான் அந்தக் கூட்டம்.

கெடு தெரிந்தவர்கள்

ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீனுக்கு 1979 கடைசியில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வருவது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியோடு தொடர்புடையது. பதினொரு மாதத்தில், 1980 நவம்பர் 7ல், 50 வயதில் போய்விட்டார். அவர் சேர்த்த கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏராளம். நான்கு ஆண்டு கழித்து 1984ல் லாஸ் வேகாஸில் எல்லாம் ஏலத்துக்கு வந்தன.

அவற்றில் பச்சை நிற ஜாகுவார் எக்ஸ்.கே.எஸ்.எஸ். காரின் கதை விசேஷமானது. அந்த மாடலில் 16 வண்டிதான் ஆயின. 1957 பிப்ரவரியில் ஜாகுவார் தொழிற்சாலையில் தீப்பிடித்ததோடு அது நின்றுபோனது. மெக்வீன் 1950களின் கடைசியில் வாங்கினார். 1960களின் கடைசியில் விற்றார். யாருக்கு? நாம் மேலே எழுதிய அதே ஹாராவுக்கு. விற்றபின் மனம் கேட்கவில்லை. 1977ல் அவரிடமே திரும்ப வாங்கினார். மூன்றே ஆண்டு கையில் இருந்தது. 1984 ஏலத்தில் 1,48,000 டாலருக்கு அவருடைய அண்டை வீட்டுக்காரர் எடுத்தார். இப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் பீட்டர்சன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகையை 1960 முதல் 1980 வரை நடத்திய ஓட்டிஸ் சாண்ட்லருக்கு வந்தது வேறு விதமான நோய். லூயி பாடி நோய் என்பது மூளையைத் தாக்குவது. நடையும் தடுமாறும், நினைவும் தடுமாறும். உடம்பு இருக்கும்போதே தீர்மானம் செய்யும் சக்தி போய்விடக்கூடிய வியாதி. ஆக்ஸ்னார்டு என்ற ஊரில் தம் கார்களுக்கென்றே அவர் ஓர் அருங்காட்சியகம் வைத்திருந்தார். 2006 பிப்ரவரி 27ல் காலமானார். அக்டோபரிலேயே ஏலம் நடந்து சேகரிப்பு கலைந்தது. இந்த மாதிரி நோய் என்று தெரிந்தவுடன், வேறு எதற்கும் முன்னால், யார் கையெழுத்துப் போடுவது என்பதை வக்கீலை வைத்து எழுதிவிட வேண்டும். தீர்மானிக்கும் தெளிவு இல்லாதவர் போட்ட கையெழுத்தை நம்பி எந்த நல்ல ஏலக்காரரும் வண்டியை மேடையேற்ற மாட்டார்.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஹல் என்ற பல் வைத்தியர் செய்தது இன்னொரு வழி. பல் மருத்துவமனைகள் பலவற்றை நடத்திப் பொருள் சேர்த்தவர். 543 கார்கள் வைத்திருந்தார். பெரும்பாலும் இங்கிலாந்தில் செய்தவை. ஜாகுவார் மட்டும் நூற்றுக்கு மேல். நோயால் உடல்நலம் குன்றிய நிலையில் 2014ல் சேகரிப்பை விற்றார். தனித்தனியாக ஏலம் விட்டால் கூடக் கிடைத்திருக்கலாம். சிதறக் கூடாது என்று மொத்தத்தையும் ஜாகுவார் லேண்ட்ரோவர் கம்பெனிக்கே கொடுத்தார். அந்தக் கம்பெனி அப்போது நம் டாடாவின் உடைமை என்பது தெரிந்ததே. பிள்ளையைப் பிறந்த வீட்டிலேயே ஒப்படைத்த மாதிரி என்று அப்போது பேசினார்கள். ஆனால் 2018ல் அந்தக் கம்பெனி அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட கார்களை ஏலத்தில் விற்றது. விற்ற பிறகு சரக்கு வாங்கியவருடையது. சிதறக் கூடாது என்ற ஆசையைப் பத்திரத்தில் எழுதி வாங்காவிட்டால் அது ஆசை மட்டும்தான்.

அதைப் பத்திரமாக்கியவர் ஃபிலடெல்ஃபியாவின் நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஃபிரெட் சிமியோன். பந்தயக் கார்கள் அறுபதுக்கு மேல் சேர்த்தார். நல்ல தேக நிலையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் ஓர் அறக்கட்டளையில் வைத்து 2008ல் அருங்காட்சியகமாகத் திறந்தார். 2022ல் அவர் மறைந்த பிறகும் அது திறந்தே இருக்கிறது. பிள்ளைகளுக்குப் போக வேண்டிய பணம் ஊருக்குப் போய்விட்டதே என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அது அவரவர் வீட்டு விஷயம்.

நோயைச் சொல்லலாமா?

விற்பது என்று முடிவான பின் வியாபாரிக்கு வரும் பெரிய சந்தேகம், வாங்க வருபவரிடம் நோயைச் சொல்லலாமா என்பது. அவசரக்காரன் சரக்குக்கு அரை விலை என்பது நமக்குத் தெரியும். மாலைக்குள் விற்றாக வேண்டிய கீரைக்கட்டின் நிலைமைக்குத் தம் கார் இறங்குவதை யார் விரும்புவார்? நம் அபிப்பிராயம், நெருங்கிய சேகரிப்பாளர் நண்பர் ஒருவரிடம் முழுதும் சொல்லிவிட வேண்டும். விலை பேச வருபவரிடம் பேச அவரையே விட வேண்டும். நோயாளி நேரில் பேரம் பேசினால் முகமே காட்டிக் கொடுத்துவிடும். தவிரவும், வருகிறவர் எல்லோரும் அனுதாபம் சொல்லிவிட்டு விலையைக் குறைப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சக்தி அந்த நேரத்தில் இருக்காது.

ஏலக் கம்பெனிக்குக் கொடுத்தால் இந்தத் தொல்லை குறைவு. வெளிநாட்டு வழக்கப்படி வாங்குபவர் ஏல விலைக்கு மேல் 10, 12 சதவீதம் தரகு கட்டுவார். விற்பவரிடமும் கமிஷன் உண்டு. பெரிய சேகரிப்பு என்றால் பேசிக் குறைக்கலாம். குறைந்தபட்ச விலை வைத்தும் விடலாம், வைக்காமலும் விடலாம். வைக்காவிட்டால் கூட்டம் கூடும். வைத்தால் தைரியம் கூடும்.

காலம் தாழ்த்துவதில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. எந்தக் காரைச் சிறுவயதில் ஏக்கத்தோடு பார்த்தோமோ அதைத்தான் காசு வந்தபின் வாங்கத் தோன்றும். மாடல் டி, மாடல் ஏ கார்களுக்காக ஏங்கிய தலைமுறை அநேகமாக முடிந்துவிட்டது. அந்த வண்டிகளில் சாதாரண ரகத்துக்குக் கிராக்கி தணிந்துவிட்டது. 1980, 1990களின் கார்களை நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் தேடுகிறார்கள். பிள்ளைகள் பத்து வருஷம் வைத்திருந்து விற்றால் கூடுதல் கிடைக்கும் என்பது எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

வரி விஷயத்தில் நாட்டுக்கு நாடு நியாயம் வேறு. அமெரிக்காவில் உயிரோடு இருக்கும்போது விற்றால் லாபத்துக்கு 28 சதவீதம் வரை வரி வரலாம். அதே காரை வாரிசு விற்றால், உடைமைக்காரர் இறந்த நாளின் மதிப்பையே கொள்முதல் விலையாக எடுத்துக்கொள்கிறார்கள். லாபம் அநேகமாகப் பூஜ்யம். விஷயம் அறிந்த அமெரிக்கர் படுக்கையில் கிடந்தும் விற்காமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கிலாந்தில் பயணிகள் கார் விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை; ஆனால் இறந்தபின் சொத்து ஒரு வரம்பைத் தாண்டினால் 40 சதவீத வாரிசு வரி.

நம் நாட்டில் வாரிசு வரி கிடையாது. 1950க்கு முன் செய்த கார்களை வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே லண்டன் ஏல விலையைப் பார்த்து இங்கே மனக்கோட்டை கட்டக் கூடாது. 2021ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, ஆதி உருவில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்குப் பழம்பெரும் வாகனம் என்று தனிப் பதிவு வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். கைமாறினால் 90 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவுப் புத்தகம் பாட்டனார் பெயரிலேயே கிடக்கும் வண்டிகளை வைத்திருப்பவர்கள் இதை இப்போதே முடித்துக்கொள்வது நல்லது. நோய் வந்தபின் ஆர்.டி.ஓ. அலுவலகத்துப் படி ஏற முடியாது.

வருமான வரியில் ஒரு தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும். மும்பையில் சம்பளக்காரர் ஒருவர் 1931ஆம் வருஷத்து ஃபோர்டு டூரர் காரை 1983ல் 20,000 ரூபாய்க்கு வாங்கி, சில ஆண்டுகள் கழித்து 21 லட்சத்துக்கு விற்றார். சொந்த உபயோகப் பொருளுக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்ற விதியைக் காட்டி விலக்குக் கேட்டார். வழக்கு முப்பது வருஷத்துக்கு மேல் இழுத்து, 2025ல் மும்பை உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கார் சொந்த உபயோகத்துக்கு ஏற்ற பொருளாக இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் உபயோகித்ததாகக் காட்ட வேண்டும் என்றார்கள். அவரால் காட்ட முடியவில்லை. வண்டி வீட்டில் நிற்கவில்லை. பராமரிப்புச் செலவுக்கும் சான்று இல்லை. ஆகவே பழைய வண்டி வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எடுத்துப் போனாலும் பெட்ரோல் பில்லையும் மெக்கானிக் ரசீதையும் ஒரு கோப்பில் போட்டு, மேலே சொன்ன இரண்டு பக்க நோட்டோடு சேர்த்து வைக்கவும். கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை வீட்டில் இருவருக்காவது சொல்லி வைக்கவும்.